வழிகாட்டியா, பழைய வரைபடமா, டிராம் வண்டியா?

லண்டனில் கிளார்க்கன்வெல் பகுதியில் ரே ஸ்ட்ரீட் என்று ஒரு சிறிய தெரு. அங்கே ஒரு மதுக்கூடத்தின் வாசலுக்கு எதிரே, சாலையில் இரும்புக் கம்பி போட்ட ஒரு மூடி இருக்கிறது. குனிந்து காதைக் கொடுத்தால் கீழே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். அது ஃப்ளீட் ஆறு. 18ஆம் நூற்றாண்டில் கொஞ்சம் கொஞ்சமாக மூடி, அடுத்த நூற்றாண்டில் பாதாளச் சாக்கடையோடு சேர்த்துவிட்டார்கள். பிரிட்டிஷ் செய்தித்தாள் உலகத்துக்கே மறுபெயராகிப் போன ஃப்ளீட் ஸ்ட்ரீட் இந்த ஆற்றின் பெயரைத்தான் சுமந்துகொண்டிருக்கிறது.

இப்படி ஒரு மூடியின் முன்னால் போய் நிற்பதற்கு எந்த வழி நல்லது? பெருநகர் ஒன்றில் இரண்டு மூன்று நாள் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அரண்மனையும் கோபுரமும் பார்த்தாயிற்று, அல்லது அவற்றில் ஆர்வமே இல்லை. மேலே தெரிகிற நகரத்துக்கு அடியில் இருக்கிற நகரம்தான் வேண்டும். வழிகாட்டியோடு நடக்கலாம். பழைய வரைபடத்தை எடுத்துக்கொண்டு தனியாக அலையலாம். டிராமிலோ பேருந்திலோ ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிடலாம். நிலத்தடிக்கு இறங்கலாம், அருங்காட்சியகத்தில் நுழையலாம், போனில் காதொலி கேட்டபடி போகலாம். எல்லாவற்றையும் செய்துவிடலாம் என்று ஊரில் இருக்கும்போது தோன்றும். போய் இறங்கிய இரண்டாம் நாள் கால் வேறு மாதிரி பேசும்.

நான் இந்த வழிகளை ஒரே ஒரு கேள்வியால் எடைபோடுகிறேன்: இது என் கையில் ஒரு நூலைத் தருகிறதா? பத்து இடத்தில் நின்று பத்துக் கதை கேட்டால், மாலையில் ஒன்றுகூட மனதில் நிற்பதில்லை. ஓர் ஆற்றின் பின்னால், ஓர் இடிந்த மதிலின் பின்னால், ஒரு ரயில் தடத்தின் பின்னால் போனால், வழியில் வருகிற கடையும் வளைவும் தெருப்பெயரும் தாமாக அதில் கோத்துக்கொள்கின்றன.

வழிகாட்டியோடு நடப்பது

இதன் பெரிய பலம் பூட்டிய கதவுகள். நியூயார்க்கில் ஆர்ச்சர்ட் ஸ்ட்ரீட் 97ஆம் எண் கட்டடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1863இல் கட்டிய வாடகைக் குடியிருப்பு. புலம்பெயர்ந்து வந்த சுமார் 7,000 பேர் வெவ்வேறு காலங்களில் அதன் சின்னச் சின்ன அறைகளில் வாழ்ந்திருக்கிறார்கள். புதிய வீட்டு விதிகளின்படி கட்டடத்தை மாற்றியமைக்கச் செலவழிக்க மனமில்லாத உரிமையாளர் 1935இல் குடியிருந்தவர்களை வெளியேற்றிவிட்டு மேல்தளங்களைப் பூட்டிவிட்டார். 1980களின் கடைசி வரை அவை அப்படியே கிடந்தன. இன்று அது டெனமெண்ட் மியூசியம். அந்த வீடுகளுக்குள் வழிகாட்டி இல்லாமல் போக முடியாது, போனாலும் பயனில்லை. உரிந்து தொங்கும் சுவர்க்காகிதத்தில் எந்த அடுக்கு எந்தக் குடும்பத்தின் காலம் என்று யாராவது சொன்னால்தான் தெரியும். பெர்லினில் 1997 முதல் இயங்கிவரும் பெர்லினர் உன்டர்வெல்டன் என்ற சங்கம் போர்க்காலப் பதுங்கறைகளுக்குள் கூட்டிப்போவதும் இதே வகை. தனியாளுக்கு அந்தக் கதவு திறக்காது.

பலவீனம், நடை பழகிப்போவது. ஒரே பாதையில் தினமும் இரண்டு முறை போகிற வழிகாட்டிக்கு எந்த இடத்தில் கூட்டம் சிரிக்கும் என்று தெரியும். கொலை, பேய், ராஜாவின் கள்ளக்காதல் எல்லாம் அங்கேதான் வந்து சேர்கின்றன. "இலவச நடை" என்று விளம்பரம் செய்கிறவற்றில் இது கூடுதல். அவை இனாமை நம்பி நடப்பவை; பல இடங்களில் வருகிற ஒவ்வொரு தலைக்கும் வழிகாட்டியே நிறுவனத்துக்குப் பணம் கட்டவேண்டும். அப்படிப்பட்டவர் வறண்ட உண்மையைச் சொல்லி உங்களைக் கொட்டாவி விடவைக்கத் துணிவாரா? அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் என் ஒரு நாளை நான் அவரிடம் கொடுக்கமாட்டேன்.

எந்த நடையைத் தேர்ந்தெடுப்பது என்றால், தலைப்பைப் பாருங்கள். "நகரத்தின் சிறப்புகள்" என்றால் விட்டுவிடுங்கள். ஒரு தெரு, ஒரு தொழில், ஒரு சமூகம் என்று குறுகிய தலைப்பு இருந்தால் நம்பலாம். அப்புறம், பேசுபவர் யார் என்று பாருங்கள். டொராண்டோவில் 2007இல் தொடங்கிய ஜேன்ஸ் வாக், ஆண்டுதோறும் மே மாத முதல் வார இறுதியில் பல நாடுகளில் நடக்கிறது. அந்தந்தப் பகுதி மக்களே, காசு வாங்காமல், தங்கள் தெருவைக் காட்டுகிறார்கள். நியூயார்க்கில் 1992இல் பிறந்து பல நகரங்களுக்குப் பரவிய கிரீட்டர் முறையும் அதுபோலத்தான்: உள்ளூர்வாசி ஒருவர் தன்னார்வமாக வந்து உங்களோடு நடப்பார். லண்டனிலும் வியன்னாவிலும் வீடில்லாமல் தெருவில் வாழ்ந்தவர்கள் வழிகாட்டும் நடைகள் உண்டு. இவர்கள் சொல்லும் ஆண்டுகள் சில சமயம் முன்பின் இருக்கும். ஆனால் எந்த வாசற்படியில் இரவில் படுக்கவிடுவார்கள், எதில் விரட்டுவார்கள் என்பது எந்த வரலாற்றுப் பலகையிலும் எழுதியிருக்காது.

இருந்தாலும் ஒன்று. வழிகாட்டி காட்டுவது நகரத்துக்கு நினைவிருப்பதை மட்டும்தான். நியூயார்க்கின் கீழ் மன்ஹாட்டனில் 1991இல் ஓர் அரசு அலுவலகத்துக்கு அடித்தளம் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிவந்தன. அடிமைகளாகவும் விடுதலை பெற்றவர்களாகவும் அங்கே வாழ்ந்த ஆப்பிரிக்கர்களின் இடுகாடு அது. 400க்கும் மேற்பட்டவர்களின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. மொத்தம் சுமார் 15,000 பேர் அங்கே புதைக்கப்பட்டிருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். 2006இல் அது தேசிய நினைவிடமானது. ஆனால் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் வரைந்த நகர வரைபடத்தில் அந்த இடுகாடு பெயரோடு குறிக்கப்பட்டே இருந்தது. ஊர் மறந்ததைக் காகிதம் வைத்திருந்தது.

பழைய வரைபடமும் சொந்தக் காலும்

என் ஓட்டு இதற்குத்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முன்பு இது ஆய்வாளர்களுக்கு மட்டும் வாய்த்த காரியம். இப்போது டேவிட் ரம்சி வரைபடத் தொகுப்பு, ஸ்காட்லாந்து தேசிய நூலகம், அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் போன்றவை ஆயிரக்கணக்கான பழைய வரைபடங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. ஸ்காட்லாந்து நூலகத்தின் தளத்தில் பழையதையும் இன்றையதையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே நேரத்தில் நகர்த்தலாம். முந்தின நாள் இரவு ஒரு மணி நேரம் போதும்.

என்ன தேடுவது? பொருந்தாததைத் தேடுங்கள். மன்ஹாட்டனில் 1811ஆம் ஆண்டுத் திட்டப்படி தெருக்கள் கட்டம் போட்ட நோட்டுப் புத்தகம் போல நேராக ஓடுகின்றன. பிராட்வே மட்டும் குறுக்கே சாய்ந்து போகிறது. அது டச்சுக்காரர்கள் வருவதற்கு முன்பே அங்கிருந்த பூர்வகுடிகள் நடந்த பாதை. ரோமில் பியாட்சா நவோனா சதுக்கம் ஏன் இவ்வளவு நீளமாக, ஒரு முனையில் வளைந்து இருக்கிறது? முதலாம் நூற்றாண்டில் பேரரசர் டொமிஷியன் கட்டிய விளையாட்டரங்கத்தின் பார்வையாளர் இருக்கைகளின் மேல்தான் சுற்றியுள்ள வீடுகள் நிற்கின்றன. ஓட்டப்பந்தயம் நடந்த தரை அப்படியே சதுக்கமாகிவிட்டது.

தெருப்பெயர் இன்னொரு திறவுகோல். வால் ஸ்ட்ரீட் என்பது டச்சுக்காரர்கள் 1653இல் எழுப்பிய மதிலின் பெயர். அதே ஊரில் கேனால் ஸ்ட்ரீட் ஒரு கால்வாய் ஓடிய தடம். கலெக்ட் பாண்ட் என்ற ஏரியை வடிய வைக்க வெட்டியது. ஏரியைத் தூர்த்த நிலம் சரியாக இறுகவில்லை, மேலே கட்டிய வீடுகள் அமிழ்ந்தன, வசதி உள்ளவர்கள் வெளியேறினார்கள். ஃபைவ் பாயிண்ட்ஸ் என்ற பேர்போன சேரி அங்கே உருவானது. ஒரு சேரி ஏன் அந்த இடத்தில் வந்தது என்ற கேள்விக்கு மண்ணில் பதில் கிடைக்கிற இடங்களில் இது ஒன்று. டோக்கியோவில் பெயர் முடிவில் "பாஷி" வந்தால் அங்கே பாலம் இருந்திருக்கும், தண்ணீர் ஓடியிருக்கும். தோரனொமொன் என்றால் புலிவாயில். வாயில் எப்போதோ போய்விட்டது, பெயர் மட்டும் ரயில் நிலையப் பலகையில் நிற்கிறது.

கண்ணுக்கு முன்னால் காலுக்குத் தெரிகிற விஷயமும் உண்டு: சரிவு. மூடிய ஆறு எங்கே என்று கண்டுபிடிக்க, தெரு எந்தப் பக்கம் இறங்குகிறது என்று கவனித்தால் போதும். வண்டியில் போனால் இது பிடிபடாது.

வரைபடம் பொய்யும் சொல்லும். சார்லஸ் பூத் 1889 முதல் வெளியிட்ட லண்டன் வறுமை வரைபடத்தில் தெருக்களுக்கு வருமானப்படி நிறம் தீட்டியிருக்கிறார்கள்: பணக்காரர்களுக்கு மஞ்சள், அடிமட்டத்துக்குக் கறுப்பு. கறுப்புத் தெருவில் இருந்தவர்களைப் "பாதிக் குற்றவாளிகள்" என்று வகைப்படுத்தியது கணக்கெடுத்தவர்களின் மனம். அந்தத் தெருக்காரர்களிடம் கேட்டு எழுதியது அல்ல. அமெரிக்க நகரங்களுக்கு சான்பார்ன் நிறுவனம் வரைந்த வரைபடங்கள் தீக்காப்பீட்டுக்காகப் போட்டவை. செங்கல்லுக்கு இளஞ்சிவப்பு, மரத்துக்கு மஞ்சள். வீட்டின் சுவர் எதனால் ஆனது என்று சொல்லும், உள்ளே யார் இருந்தார் என்று சொல்லாது. ஒருமுறை நான் பழைய வரைபடம் ஒன்றை நம்பி, அதில் அழகாக வரைந்திருந்த நான்கு தெருக்களை அரை நாள் தேடியிருக்கிறேன். அவை போடத் திட்டமிட்டு, கடைசிவரை போடப்படாத தெருக்கள் என்று பிறகு தெரிந்தது. வெயிலில் அலைந்ததற்கு அந்தக் கண்டுபிடிப்பு ஈடு என்று இப்போது சொல்கிறேன். அன்று அப்படித் தோன்றவில்லை.

குறைகள் வெளிப்படை. முன்தயாரிப்பு வேண்டும், நடை அதிகம், மழையில் கெடும். கூட வருகிறவர்களுக்கு ஆர்வம் இல்லையென்றால், "இங்கே ஒரு ஆறு இருந்தது" என்று நீங்கள் தார்ச்சாலையைக் காட்டும்போது அவர்கள் முகத்தைப் பார்க்கவேண்டியிருக்கும். புதிய ஊரில் எந்தச் சந்துக்குள் எந்த நேரத்தில் போகலாம் என்று வரைபடம் சொல்லாது; அதை விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உட்கார்ந்தபடி பார்ப்பது

முட்டி வலிக்காரர்களுக்கும் குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் மட்டும் உரியது என்று டிராமை ஒதுக்கிவிடக் கூடாது. சில நகரங்களில் தடமே வரலாறு. ஹாங்காங் தீவில் 1904இல் ஓடத் தொடங்கிய டிராம், பெரும்பகுதி அன்றைய கடற்கரையை ஒட்டிப் போட்ட தடம். பிறகு கடலைத் தூர்த்துத் தூர்த்து ஊர் வடக்கே வளர்ந்தது. இன்று மாடி டிராமின் முன் இருக்கையில் உட்கார்ந்து வானளாவிகளுக்கு நடுவே போகும்போது, நீங்கள் காணாமல் போன ஒரு கரையின் மேல் போகிறீர்கள். வியன்னாவில் ரிங் சாலை, 1857இல் பேரரசர் ஃபிரான்ஸ் யோசஃப் இடிக்கச் சொன்ன கோட்டை மதிலின் இடம். அதில் டிராம் ஏறிச் சுற்றினால் பழைய நகரத்தை மதில்மேல் நடந்து சுற்றியது போலத்தான்.

நியூயார்க்கில் ஒரு சின்னத் தந்திரம் உண்டு. 6ஆம் எண் சுரங்க ரயில் பிரூக்ளின் பிரிட்ஜ் நிலையத்தோடு முடிந்து, வளைந்து திரும்புகிறது. இறங்காமல் உட்கார்ந்திருந்தால், 1904இல் திறந்து 1945 கடைசி நாளில் மூடிய சிட்டி ஹால் நிலையத்தின் வளைவுக்கூரை ஜன்னலில் ஓடி மறையும். நீளமான புதிய ரயில்களுக்கு அதன் வளைந்த நடைமேடை ஒத்துவரவில்லை, அதனால் கைவிட்டார்கள். பெர்லினில் மதில் நின்ற காலத்தில் மேற்குப் பகுதி ரயில்கள் சில கிழக்கின் அடியில் நிற்காமல் ஊர்ந்து போயின. காவலர் மட்டும் நிற்கும் அந்த மங்கிய நிலையங்களை ஆவி நிலையங்கள் என்றார்கள். நார்ட்பான்ஹோஃப் நிலையத்தில் இதைப் பற்றிய கண்காட்சியே இருக்கிறது. பயணச்சீட்டு எப்படியும் வாங்கப் போகிறீர்கள்.

டிராம் தராதது உட்பக்கம். முகப்பு மட்டும்தான் தெரியும், நினைத்த இடத்தில் நிறுத்தவும் முடியாது. ஆனால் எந்த நிறுத்தத்தில் என்ன மொழி ஏறுகிறது, எங்கே பள்ளிச்சீருடை இறங்குகிறது, எந்த இடத்துக்கு அப்பால் உடைகள் மாறுகின்றன என்று முனையிலிருந்து முனை வரை ஒரே நேரத்தில் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. நகரத்தின் இன்றைய வாழ்க்கை வேண்டுமென்றால் இது வரைபடத்தைவிட மேல்.

நிலத்தடி, அருங்காட்சியகம், போன்

நிலத்தடி எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கு அது கொஞ்சம் மிகைப்படுத்தப்பட்டது என்றே படுகிறது. பாரிஸில் 1786 முதல் பழைய இடுகாடுகளின் எலும்புகளைக் கல்சுரங்கங்களில் கொண்டுவந்து அடுக்கினார்கள், சுமார் 60 லட்சம் பேருடையவை என்கிறார்கள். வரிசையில் நின்று, ஒன்றரைக் கிலோமீட்டர் ஒருவழிப் பாதையில் முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்தபடி நடந்து வெளியே வரவேண்டும். அதற்கு அப்பால் பரந்து கிடக்கும் சுரங்கங்களில் நுழைவதற்கு 1955 முதல் தடை. இணையத்தில் படம் போடுகிறவர்களைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். இஸ்தான்புல்லின் நிலவறை நீர்த்தேக்கம், 336 தூண்களோடு, பார்க்கவேண்டியதுதான். அதைவிட எனக்குப் பிடித்தது அதன் கதை: 16ஆம் நூற்றாண்டில் அங்கே போன பிரெஞ்சு அறிஞர் பியர் ஜீல், மக்கள் வீட்டுத் தரையில் இருந்த துளை வழியே வாளி இறக்கித் தண்ணீர் எடுப்பதையும் மீன்கூடப் பிடிப்பதையும் கண்டுதான் அதைத் தேடிப் போனார். பத்து நூற்றாண்டுப் பழைய கட்டடம் அடியில் இருப்பது கற்றவர்களுக்குத் தெரியவில்லை. வாளி வைத்திருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நிலத்தடியில் ஒன்றே ஒன்று பார்க்கவேண்டும் என்றால் ரோமின் சான் கிளெமென்டே. 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயம், அதன் அடியில் 4ஆம் நூற்றாண்டுத் தேவாலயம், அதற்கும் அடியில் ரோமானியக் கட்டடங்களும் மித்ரா என்ற தெய்வத்தின் வழிபாட்டிடமும். 1857இல் ஓர் அயர்லாந்துத் துறவி தோண்டத் தொடங்கும்வரை மேலே பிரார்த்தித்தவர்கள் கீழே இன்னொரு கோவில் இருப்பதை மறந்தே இருந்தார்கள். படி இறங்க இறங்கக் காலம் இறங்குகிறது. கடைசித் தளத்தில் இங்கேயும் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும்.

அருங்காட்சியகத்தை முதல் நாள் முதல் ஒரு மணி நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், பழைய நகரின் மாதிரி அமைப்பைப் பார்க்க மட்டும். மெக்சிகோ நகரில் மட்டும் அரை நாள் கொடுக்கலாம். அங்கே 1978இல் மின்வாரியத் தொழிலாளர்கள் குழி தோண்டும்போது அஸ்டெக் பெண் தெய்வம் செதுக்கிய பெரிய வட்டக்கல் தட்டுப்பட, தொடர்ந்து டெம்ப்லோ மயோர் கோவில் வெளியே வந்தது. அகழ்ந்த இடமும் அருங்காட்சியகமும் அருகருகே இருக்கின்றன.

போன் காதொலி? மலிவு, வசதி, நேரம் நம் கையில். ஆனால் காதை அடைத்துக்கொண்டு ரே ஸ்ட்ரீட்டில் நடந்தால் ஆற்றின் சத்தம் கேட்காது.

அப்படியானால் எதை எடுப்பது

ஒரே நாள்தான் என்றால் காலையில் குறுகிய தலைப்புள்ள ஒரு வழிகாட்டி நடை. மாலையில் அதே தெருக்களில் தனியாக இன்னொரு முறை. இரண்டாம் முறைதான் வழிகாட்டி சொல்லாமல் விட்டது தெரியும். மூன்று நாள் இருந்தால் முதல் நாள் டிராம், இரண்டாம் நாள் வழிகாட்டி, மூன்றாம் நாள் வரைபடம் என்ற வரிசையை மாற்றவேண்டாம். வரைபடத்தை முதலில் எடுத்தால் படிக்கக் கண் பழகியிருக்காது. பெரியவர்களோடு போகிறவர்கள் டிராமோடு நிறுத்திக்கொள்வதில் தவறே இல்லை. அந்த நகரத்திலேயே குடியிருப்பவர் என்றால் வழிகாட்டியும் வேண்டாம், டிராமும் வேண்டாம்: தினமும் அலுவலகம் போகிற வழியின் நூறு வருடப் பழைய வரைபடம் ஒன்று போதும்.

சியோலைப் போல, புதைத்ததைத் தோண்டித் திரும்பக் கொடுத்த நகரங்களில் கொஞ்சம் எச்சரிக்கை. 1950களின் கடைசியில் மூடத் தொடங்கி மேலே மேம்பாலமும் கட்டிய சொங்கேசொன் ஓடையை 2005இல் திறந்துவிட்டார்கள். அழகான இடம், மாலையில் போய் உட்காரலாம். ஆனால் அதில் ஓடும் தண்ணீரில் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து இறைத்து விடுவது. கரையில் கடை போட்டிருந்த நடைபாதை வியாபாரிகள் வேறு இடத்துக்கு அனுப்பப்பட்டார்கள். இங்கே வழிகாட்டியைவிட வயதான கடைக்காரர் ஒருவரிடம் பேச வழி இருந்தால் அதைச் செய்யுங்கள்.

முதல்முறையாக வரைபட நடை போகிறவருக்கு நான் சொல்வது ஃப்ளீட்டையே. ஆறேழு கிலோமீட்டர், முழுக்க இறக்கம். ஹாம்ப்ஸ்டெட் ஹீத் குளங்களில் ஆறு இன்னும் வெளியே தெரிகிறது, அங்கே தொடங்குங்கள். முன்பு பேட்டில் பிரிட்ஜ் என்ற பெயரோடு ஆற்றின் மேல் பாலமாக இருந்த கிங்ஸ் கிராஸ், பிறகு ரே ஸ்ட்ரீட் மூடி, பிறகு ஆற்றுப் பள்ளத்தாக்கிலேயே போட்ட ஃபேரிங்டன் ரோடு. தலைக்கு மேலே 1869இல் கட்டிய ஹோபர்ன் வையடக்ட் வரும். கீழே ஆறே இல்லாமல் இத்தனை பெரிய பாலம் எதற்கு என்று அங்கே நிற்கும்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிளாக்ஃபிரையர்ஸ் பாலத்தடியில் ஃப்ளீட் தேம்ஸில் கலக்கிறது. அந்த வாய் நீர்மட்டம் இறங்கியிருக்கும்போதுதான் கண்ணுக்குத் தெரியும், அதனால் ஓதம் ஏறி இறங்கும் நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.